நீட்டு பிரெஞ்சு சொல்லை எங்க வெட்டி எப்பிடி வாசிக்கிறது?

கரையோரன்:
வணக்கம் எல்லாருக்கும். நான் பாரிசுக்குப் பக்கத்தில இருக்கிறன். வேலையிடத்தில பிரெஞ்சு கதைச்சுச் சமாளிப்பன், ஆனா வாசிக்கச் சொன்னா, நீட்டுச் சொல் ஒண்டு வந்த உடன நாக்கு நிண்டுடும். குடியுரிமைக்கு 2026 ஜனவரியில இருந்து பிரெஞ்சு மொழியில பி2 எண்ட தரம் கேக்கினம், அதில வாயால கதைக்கிற பகுதியும் இருக்கு, அதுக்குத்தான் இப்ப வேலை முடிஞ்சு வந்து படிக்கிறன். பிரெபெக்தூர் எண்ட அரசாங்கக் கந்தோர்ல இருந்து வாற கடிதத்தில இருக்கிற சொல்லெல்லாம் ஒரு முழ நீளம். என்னட்ட இருக்கிற புத்தகத்தில சொல்லுகளைக் கோடு போட்டுப் பிரிச்சுக் குடுத்திருக்கினம். அதைப் பாத்து வாசிச்சா, இங்க பிறந்து இங்கயே பள்ளிக்கூடம் போற என்ர மகள் "அப்பா, ஒருத்தரும் அப்பிடிச் சொல்லுறேல்லை" எண்டுறா. "வளர்ச்சி" எண்ட சொல்லை புத்தகம் தே-வெ-லொப்-பெ-மான் எண்டு அஞ்சாப் பிரிக்குது, அவ தேவ்-லொப்-மான் எண்டு மூண்டில முடிக்கிறா. எது சரி? இதுக்கு ஏதும் விதி இருக்கோ, இல்லை ஒவ்வொரு சொல்லா மனப்பாடம்தானோ?

வெண்பா டீச்சர்:
தம்பி, ரெண்டுமே சரி, ஆனா ரெண்டும் வேற வேற வேலைக்கு. புத்தகத்துல இருக்கறது எழுத்துப் பிரிப்பு, வரி முடியற இடத்துல சொல்லை உடைச்சு அடுத்த வரிக்குக் கொண்டு போறதுக்கும், சின்னப் பசங்களுக்கு டிக்டேஷன் குடுக்கறதுக்கும் உள்ளது. உங்க பொண்ணு சொல்றது வாய்ப் பிரிப்பு. புதுச்சேரில நான் பிரெஞ்சு சொல்லிக் குடுத்த காலம் பூரா பசங்க மாட்டிக்கிற இடம் இதேதான், எழுத்துப் பிரிப்பை வச்சுக்கிட்டு வாய்விட்டு வாசிப்பாங்க, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே அழுத்தம் குடுப்பாங்க, கேக்கறவங்களுக்கு அஞ்சு தனித்தனி சொல் மாதிரி விழும்.

பிரெஞ்சுல எல்லாரும் காட்டற நீட்டு சொல் ஒண்ணு இருக்கு, "அரசியலமைப்புக்கு விரோதமா"ன்னு அர்த்தம், 25 எழுத்து. எழுத்துல ஆன்-தி-கோன்ஸ்-தி-த்யூ-சியோன்-நெல்-லெ-மான், ஒன்பது துண்டு. வாயில ஆன்-தி-கோன்ஸ்-தி-த்யூ-சியொ-நெல்-மான், எட்டுதான். (நான் எழுதறதுல மூக்கால வர்ற இடத்துக்கு ன் போடறேன், நாக்கு மேல ஒட்டி நிஜமா வர்ற இடத்துக்கு ந்.) ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, என்ன மாறிச்சு? நடுவுல இருந்த "லெ" காணாமப் போச்சு, "சியோன்" மூக்கை விட்டுட்டு "சியொ" ஆயிடுச்சு, எழுத்துல ரெட்டையா இருந்த என் (n) எழுத்து ஒத்தையாயிடுச்சு. நீட்டு சொல்லுல நடக்கற மாத்தம் பெரும்பாலும் இந்த மூணுதான்.

இன்னொண்ணு, வாசிக்கும்போது பின்னாடி இருந்து வாங்க. முதல்ல மான். அப்புறம் நெல்-மான். அப்புறம் சியொ-நெல்-மான். த்யூ-சியொ-நெல்-மான். இப்படியே முன்னாடி போங்க. பிரெஞ்சுல அழுத்தம் கடைசி அசையிலதான் விழும், அதனால கடைசி வாய்க்குப் பழகிடுச்சுன்னா முன்னாடி இருக்கற அசையெல்லாம் அதை நோக்கி ஒரே சீரா ஓடும். முன்னாடி இருந்து ஆரம்பிச்சா கடைசிக்கு வர்றப்போ மூச்சும் இருக்காது தைரியமும் இருக்காது.

பேஜ்புரூஃப்:
டீச்சர் சொன்ன எழுத்துப் பிரிப்புதான் என் சோறு 🙂 புதுவைல டைப்செட்டிங் வேலை, பிரெஞ்சு ஜர்னல் பக்கம்தான் தினமும் கையில. அதுக்கு விதி உண்டு, கேட்டுக்கோங்க, வாசிக்கவும் பாதி உதவும்.

ரெண்டு உயிருக்கு நடுவுல ஒரு மெய் வந்தா அது பின்னாடி உயிரோட போகும், ஷொ-கொ-லா. ரெண்டு மெய் வந்தா ஆளுக்கு ஒண்ணு, பார்-திர். ஆனா ரெண்டாவது மெய் எல் (l) எழுத்தாவோ ஆர் (r) எழுத்தாவோ வந்து முன்னாடி பி, டி, கே, எஃப் மாதிரி ஏதாவது இருந்தா ரெண்டும் ஜோடி, பிரிக்கக் கூடாது, த-ப்லோ, அ-ப்ரெ. சி-எச், பி-எச், ஜி-என் இதெல்லாம் எழுத்துல ரெண்டு ஒலியில ஒண்ணு, அதுவும் வெட்டக் கூடாது. ரெண்டு உயிர் பக்கத்துல பக்கத்துல இருந்தா நடுவுல கத்தி வைக்க மாட்டோம். ரெண்டு உயிருக்கு நடுவுல எக்ஸ் வந்தா அதுக்கு முன்னாடியும் வெட்ட மாட்டோம் பின்னாடியும் வெட்ட மாட்டோம், ஏன்னா அது க்-ஸ் ரெண்டு ஒலி, எந்தப் பக்கம் தள்ளினாலும் தப்பு. அபாஸ்ட்ரஃபிக்கு அப்புறம் வரியை முடிக்கவே கூடாது. அப்புறம் "கோன்"னு மட்டும் வரி கடைசியில தனியா நிக்க விட மாட்டோம், அது பிரெஞ்சுல கெட்ட வார்த்தை, பழைய அச்சுக்காரங்க காலத்துல இருந்து வர்ற பழக்கம்.

இதுல த-ப்லோ விஷயம் வாசிக்கறதுக்கும் அப்படியே பொருந்தும்.

வெண்பா டீச்சர்:
பேஜ்புரூஃப் சரியான இடத்தைத் தொட்டார், அதுல கொஞ்சம் நிக்கணும். தமிழ்ல ஒரு சொல் "ப்ல"ன்னோ "த்ர"ன்னோ தொடங்காது, மெய் தனியா சொல்லுக்கு முன்னாடி நிக்காதுன்னு நாம இலக்கணத்துலயே படிச்சிருக்கோம். அந்தப் பழக்கத்துல நம்ம காது அந்த மெய்யை முன் அசைக்குத் தள்ளி விட்டுடும். பாரிஸ்ல இருக்கறவங்க தினம் ஏறுற ரயிலையே பாருங்க, நாம மெட்-ரோ, அவங்க மே-த்ரோ. நாம முதல் அசையை மூடிட்டு நிக்கறோம், அவங்க அதைத் திறந்தே விட்டுட்டு த்-வை அடுத்ததுக்குக் கொண்டு போறாங்க. பிரெஞ்சு அசை முடிஞ்ச வரைக்கும் உயிர்லதான் முடியும். நீட்டு சொல்லை எங்க வெட்டறதுன்னு சந்தேகம் வந்தா, உயிர் முடிஞ்ச உடனே வெட்டிப் பாருங்க, பெரும்பாலும் சரியா இருக்கும்.

சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவுலயும் அதே கதைதான். "அவளோட"ங்கறதுக்கு அவெக், எல் ரெண்டு சொல், வாயில அ-வெ-கெல். இது நமக்குப் புதுசு இல்ல, அவன்+எங்கே அவனெங்கே ஆகுதில்ல, உடல்மேல உயிர் வந்து ஒட்டுற அதே புணர்ச்சி. தமிழ்ல பேசறப்போ செய்யறதை அங்க செய்ய மட்டும் நாம கூச்சப்படறோம்.

பிளஸ்டூ_பாப்பா:
அக்கா நான் சென்னை, ஸ்கூல்ல செகண்ட் லாங்குவேஜ் பிரெஞ்சு எடுத்திருக்கேன். எங்களுக்கு எழுதறதுதான் மார்க், வாய்விட்டு வாசிக்கறது ரொம்ப கம்மி, அதனால இந்த த்ரெட் ரொம்ப யூஸ்ஃபுல். எனக்கு ரெண்டு டவுட். ஒண்ணு, அந்த ஈ (e) எழுத்து எப்போ காணாம போகும் எப்போ இருக்கும்? சனிக்கிழமைக்கு சம்-திங்கறாங்க, வெள்ளிக்கிழமைக்கு மட்டும் வான்-த்ரெ-தின்னு முழுசா சொல்றாங்க, ரெண்டுலயும் ஒரே மாதிரி நடுவுல ஈ இருக்கே. ரெண்டாவது, டி-ஐ-ஓ-என் வந்தா எப்பவும் சியோன்தானா?

வெண்பா டீச்சர்:
நல்ல கேள்விம்மா, அந்த ரெண்டு கிழமையைப் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கேட்டது இன்னும் நல்லது, விதியே அதுக்குள்ள இருக்கு. ஈ-யை எடுத்துட்டா எத்தனை மெய் மோதுதுன்னு பாரு. சனிக்கிழமையில ம்-த் ரெண்டே ரெண்டு, அதனால ஈ விழுந்துடும். வெள்ளிக்கிழமையில ஈ-யை எடுத்தா த்-ர்-த் மூணு மெய் முட்டிக்கும், அதனால ஈ நின்னே ஆகணும். மொரிஸ் கிராமோன்னு ஒரு பிரெஞ்சு மொழியறிஞர் 19ஆம் நூற்றாண்டு கடைசியில இதை மூணு மெய் விதின்னே பேர் வச்சு எழுதினார்.

இப்போ கரையோரன் தம்பி கையில இருக்கற கடிதத்துக்கு வருவோம். "புதுப்பித்தல்" ரெ-நூ-வெல்-மான், எழுத்துல ரெண்டு எல் இருந்தாலும் ஒலி ஒண்ணுதான், அதனால ல்-ம் ரெண்டு மெய், ஈ விழுந்துடுச்சு. பாரிஸ் வட்டாரங்களுக்குச் சொல்ற சொல் அ-ரோன்-திஸ்-மான், ரெட்டை எஸ் ஒரே ஒலி, விழுந்துடுச்சு. "வண்டி நிறுத்தம்" ஸ்தா-சியொந்-மான், அதே கதை. ஆனா "அரசாங்கம்" கூ-வெர்-நெ-மான், ர்-ந்-ம் முட்டும், அதனால நெ நிக்குது. வீட்டுக்கு அ-பார்-தெ-மான், நிக்குது. மருந்துச் செலவுப் பணம் திரும்பி வர்றது ரான்-பூர்-செ-மான், நிக்குது. எழுத்தை எண்ணாதீங்க, ஒலியை எண்ணுங்க. விதிக்குத் தப்பினதும் உண்டு, "ஏன்னா"ங்கற சொல் பார்-செ-கெ, ஆனா தெருவுல எல்லாரும் பஸ்-கெதான், ர்-ஐயே தூக்கிட்டாங்க.

டி-ஐ-ஓ-என் எப்பவும் சியோன் இல்லம்மா. அதுக்கு முன்னாடி எஸ் நின்னா டி டி-யாவே ஒலிக்கும். கேள்விக்கு கெஸ்-தியோன், நிர்வாகத்துக்கு ஜெஸ்-தியோன்.

கரையோரன்:
அக்கா, இது இப்பத்தான் மண்டைக்குள்ள வெளிச்சம் வந்த மாதிரி இருக்கு. மகளிட்ட கூவெர்நெமானையும் அரோன்திஸ்மானையும் சொல்லச் சொல்லிக் கேட்டன், நீங்கள் சொன்ன மாதிரியேதான் சொல்லுறா, ஆனா ஏன் எண்டு கேட்டா அவவுக்குச் சொல்லத் தெரியேல்லை.

இன்னொண்டு கேக்கிறன். ரெட்டை எழுத்தை நீங்கள் ஒத்தையாச் சொல்லச் சொல்லுறியள். நான் இவ்வளவு நாளும் பந்துக்கு பல்-லோன் எண்டுதான் சொல்லிக்கொண்டு இருக்கிறன்.

வெண்பா டீச்சர்:
ப-லோன்தான் தம்பி. இது தமிழ் பேசற நமக்குன்னே வர்ற சிக்கல். நமக்கு ஒத்தையும் ரெட்டையும் அர்த்தத்தையே மாத்தும், மலைக்கும் மல்லைக்கும் ஒரே ஒரு ல்-தானே வித்தியாசம், அதனால ரெண்டு எழுத்தைக் கண்ணு பாத்த உடனே நாக்கு தானா அழுத்திடும். பிரெஞ்சுல ரெட்டை எழுத்து அனேகமா லத்தீன் காலத்து எழுத்து வழக்கு, ஒலியில ஒத்தை. வேணும்னு அழுத்தற இடமும் உண்டு, ஓடறதுங்கற வினைச்சொல்லுல "ஓடிக்கிட்டு இருந்தேன்" கூ-ரெ, "ஓடுவேன், ஆனா..."ங்கற அர்த்தத்துல கூர்-ரெ. இந்த மாதிரி ரொம்பக் கொஞ்சம்தான்.

மூக்கு ஒலியையும் இதோட சொல்லிடறேன், இதுல நமக்கு ஒரு பெரிய சௌகரியம் இருக்கு, யாரும் சொல்லிக் குடுக்கறதில்ல. பேசும்போது "வந்தான்"னு சொல்றப்போ கடைசி ன்-க்கு நாக்கு மேல போய் ஒட்டுதா? ஒட்டறதில்ல, ஆ-வே மூக்கு வழியா போயிடுது. அந்த ஆ-தான் பிரெஞ்சு "மான்". "மரம்"னு பேச்சுல சொல்லி நிறுத்துங்க, உதடு மூடாது, மரோ-ன்னு மூக்குல முடியும், அது "சியோன்". "வந்தேன்" கடைசி அப்படியே "மேன்", கையைக் குறிக்கற சொல். மேடைப் பேச்சு மாதிரி ன்-ஐ அழுத்தாம, வீட்டுல பேசற மாதிரி விடுங்க, பிரெஞ்சு மூக்கொலி கிட்டத்தட்ட வந்துடும். எழுத்துல என்-க்கு அப்புறம் ஒலிக்கற உயிர் வந்தாலோ ரெட்டை என் வந்தாலோ மூக்கு போய் நிஜ ந் வந்துடும். "நல்ல"ங்கற சொல் ஆம்பளைக்கு போன், பொம்பளைக்கு பொந்.

துலூஸ்_வாசி:
எல்லாம் சரி, ஆனா ஒரு மறுப்பு. நான் துலூஸ் பக்கம் வேலைல இருக்கேன். இங்க அந்த ஈ-யை அவ்வளவு சுலபமா முழுங்க மாட்டாங்க, "சின்னவ"ங்கறதுக்கு பாரிஸ்ல பெ-தித், எங்க ஊர்ல பெ-தி-தெ, கடைசி ஈ வரைக்கும் கேக்கும். சனிக்கிழமையும் ச-மெ-திதான் நிறைய பேர் வாயில. மூக்கொலிக்குப் பின்னாடி லேசா ஒரு ங் வேற வரும், ரொட்டிக்கு பேங். பாரிஸ் மாதிரி முழுங்கினாத்தான் நல்ல பிரெஞ்சுன்னு புதுசா வர்றவங்க பயப்படறாங்க, அது வேண்டாம். முழுசா சொன்னா யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க.

வெண்பா டீச்சர்:
ஒத்துக்கறேன். பழைய செய்யுள்லயும் அந்த ஈ-க்கு இடம் உண்டு, 12 அசை வரியில மெய்க்கு முன்னாடி வர்ற ஈ ஒரு அசையா எண்ணப்படும், எண்ணலைன்னா வரி குறைஞ்சு போகும். ஆனா கரையோரன் இருக்கறது பாரிஸ் பக்கம், காதுல விழறதும் அந்தப் பேச்சுதான். தான் சொல்றதுல ஈ-யை வச்சுக்கலாம், மத்தவங்க முழுங்கறது காதுக்குப் புரியணும். பரீட்சையில கேக்கற பகுதியில அதுதான் ஆளைக் கவுக்கும்.

மொன்ரியால்_சுதா:
இங்க கியூபெக்ல இன்னொரு கூத்து. ஐ-க்கும் யூ-க்கும் முன்னாடி வர்ற த-க்கு பின்னாடி லேசா ஸ் ஒட்டிக்கும், சனிக்கிழமை சம்-த்ஸி மாதிரி. அசை எண்ணிக்கை மாறாது. பாரிஸ் ஆடியோ வச்சுப் படிச்சிட்டு இங்க வந்தா முதல் மாசம் காது திணறும், பயப்படாதீங்க.

பிளஸ்டூ_பாப்பா:
நான் டெக்ஸ்ட் புக்ல ஒவ்வொரு சொல் மேலயும் பென்சில்ல தமிழ்ல எழுதி வச்சுத்தான் வாசிக்கறேன். ஃபிரெண்ட்ஸ் எல்லாம் அது கெட்ட பழக்கம்ங்கறாங்க. இந்த த்ரெட்லயே எல்லாரும் தமிழ்லதானே எழுதறோம்?

பேஜ்புரூஃப்:
தப்பே இல்லைம்மா. எங்க ஊர்ல பிரெஞ்சு ராணுவத்துல இருந்துட்டு வந்த சொல்தா வீடுகள் நிறைய, அங்க பெரியவங்க காதால கேட்டுத் தமிழ்லயே சொல்லி வச்சதுதான் ஊர் வாயில நின்னிருக்கு. எங்க ஊர் முன்னாள் முதல்வர் எதுவார் குபேர் பேரை எடுத்துக்க, பிரெஞ்சு எழுத்துல கடைசியில டி இருக்கு, ஆனா மார்க்கெட்டுக்குப் போற எந்த பாட்டியும் அந்த டி-யைச் சொல்ல மாட்டாங்க, குபேர் மார்க்கெட்தான். எழுத்தைப் பாக்காம காதை நம்பினதால கடைசி எழுத்து சரியா விழுந்திருக்கு.

வெண்பா டீச்சர்:
இதுல நான் பாதிதான் உங்க பக்கம். அசை எண்ணறதுக்கு தமிழ் எழுத்து ரொம்ப நல்லது, ஏன்னா நம்ம எழுத்தே உயிர்மெய், புள்ளி வச்ச மெய்யைத் தவிர ஒவ்வொரு எழுத்துலயும் ஒரு உயிர் கேக்கும். ஆனா ஒலிக்கு நம்பினா கவுத்துடும். ரொட்டி, குளியல் ரெண்டையும் தமிழ்ல எழுதிப் பாரு, ரெண்டுமே பேன். மீனும் குடிக்கற பானமும் ரெண்டுமே புவா-சோன். கடையில போய் ரொட்டி கேக்க வேண்டிய இடத்துல குளியல் கேட்ட மாதிரி ஆயிடும். போதாததுக்கு மீன்ல இருக்கற ரெட்டை எஸ் ஒத்தையானா ஸெட் ஒலி வந்து விஷம் ஆயிடும், தமிழ் எழுத்துல அதுவும் புவா-சோன்தான். அதனால பாப்பா, மேல முழுச் சொல்லையும் தமிழ்ல எழுதாதே. பிரெஞ்சு எழுத்துக்கு அடியிலயே ஒவ்வொரு அசைக்கும் ஒரு வில் போடு, விழற ஈ-யை ஒரு கோடு போட்டு அடி, கடைசி அசைக்கு அடியில கோடு இழு. கண்ணு பிரெஞ்சு எழுத்துலயே இருக்கும், நாக்குக்கு வழியும் தெரியும்.

யூ எழுத்துக்கும் இதே எச்சரிக்கை. நான் மேல த்யூன்னு எழுதினேன், நிஜ ஒலி தமிழ்ல கிடையாது. தமிழ் ஈ-ன்னு சொல்லிக்கிட்டே நாக்கை அசைக்காம உதட்டை மட்டும் ஊ-க்குக் குவிங்க, அதுதான்.

கரையோரன்:
அக்கா, வாற கிழமை டொக்டரிட்ட போகோணும், காது மூக்கு தொண்டைக்கு. கடிதத்தில இருக்கிற சொல்லைப் பாத்தே தலை சுத்துது. பின்னால இருந்து பிடிச்சுப் பாத்தன்: ஜிஸ்த், லொ-ஜிஸ்த், கொ-லொ-ஜிஸ்த், ல-ரேன்-கொ-லொ-ஜிஸ்த், முன்னால ஒ-தொ-ரி-நொ. ஒன்பது அசை வருது. சரியோ?

வெண்பா டீச்சர்:
முத்து முத்தா இருக்கு தம்பி. ரேன்-ல வந்தேன் ஒலி, மறக்காதீங்க. ஆனா ரிசெப்ஷன்ல யாரும் இவ்வளவு நீளம் சொல்றதில்ல, ஓ-எர்-எல்னு மூணு எழுத்துல முடிச்சிடுவாங்க, நீங்களும் அப்படியே கேளுங்க.

அதே மாதிரி பிறந்த வருஷம், ஃபோன் நம்பர் சொல்றப்போ 99 வந்தா பதறாதீங்க, க-த்ரெ-வேன்-திஸ்-நெஃப், அஞ்சே அசை. 20-க்கு உள்ள சொல்லுல கடைசி டி, 21-ல இருந்து 29 வரைக்கும் ஒலிக்கும், 81-ல இருந்து 99 வரைக்கும் ஒலிக்காது. திஸ் கடைசி ஸெட் ஒலி. பெல்ஜியம், சுவிஸ் பக்கம் சொந்தக்காரங்க இருந்தா அவங்க நொ-நான்த்-நெஃப்னு மூணுல முடிச்சிடுவாங்க, கேட்டா குழம்ப வேண்டாம்.

பிளஸ்டூ_பாப்பா:
கடைசியா ஒண்ணு அக்கா. ஈ-என்-டி வந்தா மான் மாதிரி ஆன்தானே?

வெண்பா டீச்சர்:
பேர்ச்சொல், அடைமொழியில ஆன். வினைச்சொல்லுல "அவங்க செய்யறாங்க"ங்கற இடத்துல வந்தா மொத்தமா மௌனம். "மடத்துக் கோழிங்க அடைகாக்குதுங்க"ன்னு ஒரு பழைய பள்ளிக்கூடத்து வாக்கியம் உண்டு, அதுல மடத்துக்கும் அடைகாக்கறதுக்கும் எழுத்து ஒண்ணேதான், எழுத்து மாறாம முதல்ல கூ-வான், அடுத்து வெறும் கூவ். சொல்லோட வேலை என்னன்னு தெரியாம அசை பிரிக்கவே முடியாத இடம் இது. அதனால நீட்டு சொல்லைப் பாத்ததும் இது வினையான்னு ஒரு நொடி யோசிச்சிட்டு வாயைத் திறக்கணும்.

கரையோரன்:
கடிதத்தில முதல் வரியை நீங்கள் சொன்ன மாதிரி வில் போட்டுப் பாத்தன், "உங்கள் வதிவிட அனுமதியின் புதுப்பித்தல்" எண்டு வாற இடம்: லெ-ரெ-நூ-வெல்-மான்-தெ-வொ-த்ரெ-தி-த்ரெ-தெ-சே-ஜூர். மகள் இதைவிடச் சுருக்கிச் சொல்லுறா, அது பிடிபடேல்லை.

வெண்பா டீச்சர்:
நீங்க சொன்னதே சரி, பரீட்சையில இப்படியே சொல்லலாம். பொண்ணு சொல்றது இப்படி இருக்கும்: லெர்-நூ-வெல்-மான்த்-வொ-த்ரெ-தி-த்ரெத்-சே-ஜூர். லெ, ரெ ரெண்டு ஈ தொடர்ந்து வந்ததால ஒண்ணு விழுந்துடுச்சு, மானுக்கு அப்புறம் தெ-வோட ஈ விழுந்து அந்த த் முன்னாடி ஒட்டிக்கிச்சு. வொ-த்ரெ, தி-த்ரெ ரெண்டுலயும் ஈ நிக்குது பாருங்க, அங்கதான் மூணு மெய் முட்டும். அழுத்தம் மொத்த வரிக்கும் ஒரே இடம், ஜூர். நடுவுல மான்ல நிறுத்தி அழுத்தாதீங்க. அடுத்த வரியையும் இதே மாதிரி வில் போட்டு இங்க எழுதுங்க, பாத்துச் சொல்றேன்.